வாக்காளராகப் பெயர் பதியப் பாஸ்போர்ட் கேட்கலாமா? சேவ் மசோதாவையும் மற்ற வழிகளையும் எங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தேன்

அமெரிக்கத் தேர்தலில் குடிமக்கள் மட்டும்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று புதிதாகச் சட்டம் கேட்கிறார்களே, அந்தச் சட்டம் 1996-லேயே வந்துவிட்டது. அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை எதற்கும் குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போட்டால் ஓராண்டு வரை சிறை. அதைவிடப் பெரிய அடி நாடு கடத்தல். இப்போது வாஷிங்டனில் சேவ் மசோதாவை வைத்து நடக்கும் சண்டை, குடிமகன்தான் என்பதை யார், எப்போது, எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பது என்பதைப் பற்றியது. தொலைக்காட்சியில் கத்துகிறவர்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுவதால், விஷயம் தெரிந்தவர்கள்கூட "அப்போ உனக்கு வெளிநாட்டுக்காரன் ஓட்டுப் போடணுமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

எனக்கு இது பேப்பரில் படித்துவிட்டு மடித்து வைக்கிற விஷயம் இல்லை. டல்லாஸ் பக்கம் இருக்கிறோம், வீட்டில் மூன்று பேர், மூன்று நிலை. நான் விசா, கிரீன் கார்டு என்று வருடக்கணக்கில் வரிசையில் நின்று குடியுரிமை வாங்கியவன். மனைவி இன்னும் கிரீன் கார்டுதான். ஊரில் அவளுடைய அம்மா தனியாக இருக்கிறார், இந்தியப் பாஸ்போர்ட்டை விட மனம் வரவில்லை. பையன் சென்னையில் பிறந்தவன், நான் குடிமகன் ஆன அன்று அவனுக்குப் பதினெட்டு ஆகாததால், 2000-ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி அவனும் தானாகவே குடிமகன் ஆகிவிட்டான், அதற்கென்று ஒரு துண்டுக் காகிதம்கூடத் தனியாக வரவில்லை. அவனுக்கு அடுத்த வருடம் ஓட்டு. எந்த வழியைச் சொன்னாலும் இந்த மூன்று பேரை வைத்துத்தான் நான் அளந்து பார்க்கிறேன்.

முதலில் இப்போது இருக்கும் முறை. வாக்காளராகப் பதியும் விண்ணப்பத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் அடித்து, பொய் சொன்னால் தண்டனை என்று தெரிந்தே கையெழுத்துப் போட வேண்டும். 2002-க்குப் பிறகு ஓட்டுநர் லைசென்ஸ் எண்ணோ, அரசு ஆளுக்கொன்றாகத் தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ சேர்ந்தது. அவ்வளவுதான். கேட்கும்போது 'இது போதுமா?' என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் தேடிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்த எண்ணிக்கை வேறு கதை சொல்கிறது. ஜார்ஜியாவில் குடியரசுக் கட்சிக்காரர் நடத்தும் தேர்தல் துறையே 2024-இல் முழுப் பட்டியலையும் சலித்தது: 82 லட்சம் பெயரில் குடியுரிமை இல்லாதவர்கள் இருபது பேர். இருபது ஆயிரம் இல்லை, வெறும் இருபது. காரணம் ரொம்ப சாதாரணம். ஒரு ஓட்டால் கிடைப்பது ஒன்றும் இல்லை, இழப்பது பத்துப் பதினைந்து வருட வாழ்க்கை. கிரீன் கார்டுக்காகக் காத்துக் கிடந்தவன் எவனும் தெரிந்தே அந்தப் பந்தயத்தில் இறங்க மாட்டான்.

தெரியாமல் இறங்குவதுதான் பிரச்சினை. 1993-இல் வந்த 'மோட்டார் வோட்டர்' சட்டத்தால் லைசென்ஸ் எடுக்கிற இடத்திலேயே வாக்காளராகப் பெயர் பதிவதும் நடக்கிறது. எச்-1பி வேலை விசாவில் இருந்தபோது வேறொரு மாநிலத்தில் லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன், எந்த மாநிலம் என்பது வேண்டாம். கவுன்ட்டரில் இருந்த அம்மா என் விசாவைக் கையில் வைத்துக்கொண்டே, திரையைப் பார்த்தபடி, உறுப்பு தானம், ஓட்டுப் பதிவு என்று ஒரே மூச்சில் கேட்டார். முதல் கேள்விக்குச் சொன்ன 'யெஸ்' இரண்டாவதுக்கும் வாயில் வந்துவிட்டது, நல்ல வேளையாகக் கையெழுத்துப் போடும் முன் படித்துப் பார்த்து அடிக்கச் சொன்னேன். அன்று படிக்காமல் விட்டிருந்தால்? குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் 'எப்போதாவது ஓட்டுக்குப் பதிவு செய்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா' என்று ஒரு கேள்வி உண்டு. அங்கே ஆமாம் என்றால் குடியுரிமை போவது இருக்கட்டும், கிரீன் கார்டே ஆட்டம் காணும். 'தெரியாமல் நடந்தது' என்று நிரூபிக்க வக்கீலுக்கு அழ வேண்டும். ஆக இப்போதைய முறை பாதுகாப்பு இல்லாதது என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகிறேன், ஆனால் அது யாரைப் பாதுகாக்கவில்லை என்பதில் எனக்கும் அவர்களுக்கும் கணக்கு வேறு. என் மனைவி மாதிரி ஆட்களைத்தான் அது பாதுகாக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2024-இல் மிச்சிகனில் ஒரு வெளிநாட்டு மாணவர் குடிமகன் என்று கையெழுத்துப் போட்டு அன்றே பதிந்து ஓட்டும் போட்டார், பிறகு தானே போய்த் திருப்பித் தரச் சொன்னார். ஓட்டுச் சீட்டில் பெயர் இருக்காது, எதை எடுத்துத் திருப்பித் தருவது? அந்த ஓட்டு எண்ணப்பட்டது. அபூர்வம்தான், ஆனாலும் நடந்தது. 'முன்னாலேயே தடுக்க வேண்டும்' என்று சொல்பவர்கள் கையில் இருக்கும் நல்ல வாதம் இது.

அப்படி முன்னாலேயே தடுக்கத்தான் இரண்டாவது வழி, சேவ் மசோதா. பிரதிநிதிகள் சபை 2024 ஜூலையில் ஒரு தடவை நிறைவேற்றியது, 2025 ஏப்ரலில் 220-க்கு 208 என்று இன்னொரு தடவை. இரண்டு முறையும் செனட்டைத் தாண்டவில்லை. 2025 வடிவத்தில் சொல்வது இதுதான்: பதிவு செய்யும்போதே குடியுரிமைக்கான ஆவணம் காட்ட வேண்டும். பாஸ்போர்ட், அல்லது போட்டோ அடையாள அட்டையோடு பிறப்புச் சான்றிதழோ, குடியுரிமை வாங்கியவருக்குத் தரும் நேச்சுரலைசேஷன் சான்றிதழோ. தபாலில் விண்ணப்பம் அனுப்பினாலும் ஆவணத்தை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 'ரியல் ஐடி (மத்திய அரசின் விதிப்படி மாநிலம் தரும் லைசென்ஸ் அல்லது அடையாள அட்டை) இருக்கிறதே' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், என்னிடமே மூன்று பேர் சொன்னார்கள். மசோதா கேட்பது குடியுரிமையைக் காட்டும் ரியல் ஐடி. சாதாரண ரியல் ஐடியில் அது இல்லை. விசாவில் இருந்தபோதே எனக்கு ரியல் ஐடி கொடுத்தார்கள். நியூயார்க், மிச்சிகன், மினசோட்டா, வெர்மான்ட், வாஷிங்டன் என்ற ஐந்து மாநிலங்களில் மட்டும் கிடைக்கும் விசேஷ லைசென்ஸ்தான் குடியுரிமையைக் காட்டும்.

எங்கள் வீட்டு அளவுகோலில் இது எப்படி? மனைவிக்கு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆவணம் இல்லாமல் பதிவே நடக்காது என்றால் கவுன்ட்டர் அம்மாவின் வாய் தவறினாலும் அவள் பெயர் பட்டியலில் ஏறாது. எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, அரை நாள் லீவு போட்டால் போதும். ஆனால் நம்மவர்கள் பெயர் விவகாரம் இருக்கிறதே! ஊரில் இனிஷியல், இந்தியப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று விழுந்து, லைசென்ஸில் அதுவே பெயராகி, குடியுரிமை வாங்கும்போது ஒருவழியாகச் சரிசெய்து என்று ஒரே மனிதனுக்கு நாலு பெயர் நாலு காகிதத்தில். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிக்கொண்ட அமெரிக்கப் பெண்களுக்கும் இதே சிக்கல், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், லைசென்ஸில் ஒரு பெயர். பெயர் ஒத்துப்போகாவிட்டால் கூடுதல் காகிதம் வாங்க மாநிலங்கள் ஒரு வழி வைக்க வேண்டும் என்று மசோதா சொல்கிறது, என்ன வழி என்பதை ஐம்பது மாநிலங்களுக்கும் விட்டுவிட்டது. ஆவணமே இல்லாதவர்கள் வேறு சாட்சியம் கொடுக்கலாம், அதிகாரி திருப்தி அடைந்து கையெழுத்துப் போட்டால் பதியலாம் என்றும் இருக்கிறது. ஆனால் ஆவணம் காட்டாதவரைப் பதிந்தால் அந்த அதிகாரிக்கு ஐந்து வருடம் வரை சிறை என்று அதே மசோதாவே சொல்கிறது. இதைப் படித்த எந்த கிளார்க் 'பரவாயில்லை, போடுங்க சார்' என்பார்?

இதை ஒரு மாநிலம் செய்தே பார்த்துவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கான்சஸ், 2013-இலிருந்து. தேர்தல் பொறுப்பில் இருந்த கிறிஸ் கோபாக் என்ற மாநிலச் செயலர் கொண்டுவந்தது. சுமார் 31,000 பேரின் விண்ணப்பம் காகிதம் இல்லை என்று நின்றுபோனது, புதிதாகப் பதிய வந்தவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். வழக்கு நடந்தபோது, பத்தொன்பது வருடத்தில் பட்டியலில் ஏறிய குடியுரிமை இல்லாதவர்கள் அதிகபட்சம் 39 பேர் என்று நீதிபதி ஜூலி ராபின்சன் 2018-இல் கண்டார். அந்த 39 பேரிலும் பெரும்பாலோர் அலுவலகத் தவறாலும் குழப்பத்தாலும் ஏறியவர்கள். 39 பேரைத் தடுக்க 31,000 பேரை நிறுத்தினால், அது கொசுவுக்காகக் குடிசையைக் கொளுத்துகிற வேலை. சட்டம் ரத்தானது, 2020-இல் மேல் நீதிமன்றமும் அதையே சொன்னது. (கோபாக் தன் வழக்கைத் தானே வாதாடினார், வாதாடிய விதத்தைப் பார்த்த நீதிபதி கூடுதலாக ஆறு மணி நேரம் சட்ட வகுப்புக்குப் போகச் சொன்னார்.)

அரிசோனாவின் கதை இன்னும் விசித்திரம். 2004-இல் மக்களே ஓட்டுப் போட்டு ஆவணச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2013-இல் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் வாக்காளர் பதிவுப் படிவத்தில் அதைத் திணிக்கக் கூடாது என்றது, அதனால் அங்கே இரண்டு வகை வாக்காளர். காகிதம் காட்டியவருக்கு எல்லாத் தேர்தலும், காட்டாதவருக்கு மத்தியத் தேர்தல் மட்டும். சரி, அப்படியாவது பட்டியல் சுத்தமாக இருந்ததா என்றால், 1996 அக்டோபருக்கு முன் லைசென்ஸ் எடுத்த சுமார் 2,18,000 பேர் ஆவணம் காட்டாமலேயே காட்டியதாகப் பதிவாகியிருந்தது இருபது வருடம் கழித்து 2024 தேர்தல் நேரத்தில்தான் தெரியவந்தது. கம்ப்யூட்டர் குளறுபடி. காகிதம் கேட்டால் தவறு போய்விடும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய ஊர்.

வேலையில் சேரும்போது, இங்கே வேலை செய்ய உரிமை உண்டா என்று பார்க்கும் ஐ-9 படிவத்துக்குக் காகிதம் காட்டுகிறோமே, ஓட்டுக்குக் காட்டினால் என்ன என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் உள்ள பதில், வேலையில் சேர்கிறவன் எப்படியாவது அலைந்து வாங்கி வருவான், மாதச் சம்பளம் இருக்கிறது. ஓட்டுக்கு 165 டாலர் கட்டிப் பாஸ்போர்ட் எடுக்க எத்தனை பேர் அலைவார்கள்? நேச்சுரலைசேஷன் சான்றிதழ் தொலைந்து மறு பிரதி வேண்டுமென்றால் ஐந்நூறு டாலருக்கு மேல். அலையாத ஆள் திருடன் இல்லை, சோம்பேறிக்கும் ஏழைக்கும் ஓட்டு உண்டுதானே.

மூன்றாவது வழி, குடிமகனிடம் கேட்காமல் அரசு தன் கையில் இருக்கும் தகவலைத் தானே ஒப்பிட்டுப் பார்ப்பது. இதற்கு இருக்கும் மத்தியத் தரவுத்தளத்தின் பெயரும் சேவ், மசோதாவின் பெயரும் சேவ், இரண்டும் வேறு. குடியேற்றத் துறை நடத்துவது. முதலில் சலுகைகளுக்குத் தகுதி பார்க்க வந்தது, 2025-இல் அதை விரிவாக்கி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்தும் மாநிலங்கள் தேடும்படி செய்தார்கள்.

கொள்கையாக எனக்குப் பிடித்தது இதுதான். என்னைப் பற்றிய கோப்பு அவர்களிடம் அலமாரி அலமாரியாக இருக்கிறது, கைரேகை உட்பட, பிறகு எதற்கு என்னிடமே வந்து 'நீ யார்' என்று கேட்க வேண்டும்? ஆனால் இதில் கை சுட்ட கதை எங்கள் டெக்சாஸிலேயே இருக்கிறது. 2019 ஜனவரியில் மாநிலம் 95,000 பேர் குடியுரிமை இல்லாத வாக்காளர்களாக இருக்கலாம் என்று அறிவித்தது, நாடே அதிர்ந்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? லைசென்ஸ் எடுக்கும்போது கிரீன் கார்டோ விசாவோ காட்டியவர்களின் பெயரை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். லைசென்ஸ் வருடக்கணக்கில் செல்லும். அதற்குள் அந்த ஆள் குடியுரிமை வாங்கி, ஆசை ஆசையாக ஓட்டுக்குப் பதிந்திருப்பார். சில நாட்களிலேயே சுமார் 25,000 பெயர் தவறு என்று ஒத்துக்கொண்டார்கள், வழக்கு வந்தது, ஏப்ரலில் சமரசமாகித் திட்டம் கைவிடப்பட்டது, பட்டியலை அறிவித்த அதிகாரி மே மாதம் பதவி விலகினார். நான் அப்போது குடிமகன் ஆகவில்லை, ஆகியிருந்தால் அந்தப் பட்டியலில் நிச்சயம் என் பெயர் இருந்திருக்கும்.

2025-இல் அதே டெக்சாஸ் சேவ் தரவுத்தளத்தை வைத்து 1.8 கோடி வாக்காளர்களையும் தேடியபோது சந்தேகத்துக்குரியவர்கள் என்று வந்தது 2,724. 95,000 எங்கே, இது எங்கே, கருவி முன்னேறியிருக்கிறது. ஆனாலும் டிராவிஸ் கவுன்டியில் சரிபார்த்தபோது அவர்கள் பட்டியலில் கால்வாசிப் பேர் லைசென்ஸ் அலுவலகத்தில் ஏற்கெனவே குடியுரிமை ஆவணம் காட்டியவர்கள். வர்ஜீனியாவில் 2024 தேர்தலுக்குச் சற்று முன் சுமார் 1,600 பேரை நீக்கினார்கள், லைசென்ஸ் படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்ட குடிமக்களும் அதில் இருந்தார்கள். பொதுவாகத் தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் மொத்தமாகப் பெயர் நீக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்கிறது, ஆனாலும் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தைத் தொடர அனுமதித்துவிட்டது.

இந்த வழியில் எங்கள் வீட்டில் மாட்டப்போவது நானோ மனைவியோ இல்லை, பையன். குடியேற்றத் துறையின் கோப்பில் அவன் இன்னும் கிரீன் கார்டுக்காரன். நான் பிரமாணம் எடுத்த நொடியில் அவன் குடிமகன் ஆனது சட்டத்துக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தெரியப்படுத்த என்-600 என்ற விண்ணப்பம் போட வேண்டும், ஆயிரத்து முந்நூறு டாலருக்கு மேல். நிறையப் பெற்றோர் அதை விட்டுவிட்டுப் பாஸ்போர்ட் மட்டும் எடுத்துவிடுவார்கள், அதுவே முழு ஆதாரம்தான். ஆனால் தரவுத்தளத்தில் தேடினால் பையன் வெளிநாட்டுக்காரன் என்று விளக்கு எரிய வாய்ப்பு உண்டு.

நாலாவது வழி மற்ற மூன்றுக்கும் நேர் எதிர்த் திசை. உள்ளூர்த் தேர்தலில் மட்டும் குடியுரிமை இல்லாதவர்களையும் ஓட்டுப் போட விடுவது. மேரிலாந்தின் டகோமா பார்க் 1990-களின் தொடக்கத்திலிருந்து விடுகிறது, வெர்மான்டில் மான்ட்பிலியர், வினூஸ்கி, சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிக்கூட வாரியத் தேர்தலுக்குப் பெற்றோர்கள். அமெரிக்காவுக்கு இது புதுசும் இல்லை, அந்தக் காலத்தில் பல மாநிலங்களில் குடிமகன் ஆகாதவர் ஓட்டுப் போட்டார்கள், கடைசியாக நிறுத்தியது ஆர்கன்சா, 1926-இல். லண்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடுகிறான், காமன்வெல்த் குடிமகன் என்ற கணக்கில், இலங்கைக்காரர்களுக்கும் அங்கே அப்படித்தான். அவனிடம் இந்தச் சண்டையைச் சொன்னால் சிரிக்கிறான்.

என் மனைவி வீட்டு வரி கட்டுகிறாள், பையன் பள்ளியில் வருடக்கணக்காகத் தன்னார்வ வேலை பார்த்திருக்கிறாள், பள்ளி வாரியத்துக்கு யார் நிற்கிறார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரியும். அவளுக்கு அந்த ஓட்டு இருந்தால் என்ன கெட்டுவிடும்? மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் நடைமுறை பயமுறுத்துகிறது. நியூயார்க் நகரம் கிரீன் கார்டு, வேலை அனுமதி உள்ள சுமார் எட்டு லட்சம் பேருக்கு உள்ளூர் ஓட்டுத் தர 2021 டிசம்பரில் தீர்மானித்தது, ஒரு தேர்தலில்கூட அமலாகாமல் 2025 மார்ச்சில் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றம் ஆறுக்கு ஒன்று என்று அடித்துப்போட்டது. சான் பிரான்சிஸ்கோவில் 2018-இல் முதல் தடவை பதிந்தவர்கள் 65 பேர் மட்டும், ஏனென்றால் உங்கள் தகவல் குடியேற்றத் துறை கைக்குப் போகலாம் என்று நகரமே எச்சரிக்கை அச்சடித்துக் கொடுத்தது. அதைப் படித்துவிட்டு யார் பதிவார்கள்? உள்ளூருக்கு ஒரு பட்டியல், மத்தியத்துக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு வைத்து, கிளார்க் ஒரு நாள் தவறான சீட்டைக் கொடுத்தால் மாட்டுவது கிளார்க் இல்லை. தவிர டெக்சாஸில் இது கனவிலும் நடக்காது. 2024-இல் எட்டு மாநிலங்களும் 2025 நவம்பரில் டெக்சாஸும் குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்று தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டன.

அப்போ என் முடிவு? என் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் சேவ் மசோதாவுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கான்சஸ் கணக்கைப் பார்த்த பிறகு வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை. இப்போதைய கையெழுத்து முறையும் அதற்குப் பின்னால் தரவுத்தள ஒப்பீடும் சேர்ந்தால் போதும், ஆனால் மூன்று நிபந்தனை. தரவுத்தளம் கைகாட்டியதற்காக மட்டும் யார் பெயரையும் நீக்கக் கூடாது, கடிதம் போட்டு அவகாசம் கொடுத்து, ஆளைக் கேட்ட பிறகுதான். 90 நாள் விதியை எந்தச் சந்து வழியாகவும் மீறக் கூடாது. கவுன்ட்டரில் விசாவோ கிரீன் கார்டோ காட்டியவரிடம் ஓட்டுப் பதிவுக் கேள்வியே திரையில் வரக் கூடாது. இந்தக் கடைசி ஒன்றைச் செய்ய எந்தப் பெரிய மசோதாவும் வேண்டாம், மென்பொருளில் ஒரு வரி. குடியுரிமை இல்லாதவர் பெயர் பட்டியலில் ஏறும் சம்பவங்களில் நிறைய அங்கேயே நின்றுவிடும் என்பது என் எண்ணம். அதை யாரும் மேடையில் பேசுவதில்லை, பேசினால் கைத்தட்டல் விழாது.

பள்ளி வாரிய ஓட்டை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். மனைவிக்கு இதில் வருத்தம், அதையும் மறைக்கவில்லை. 'பையன் மேல் உனக்கு இருக்கிற கவலை என் மேல் இல்லையே' என்றாள்.

சட்டம் எப்படிப் போனாலும் செய்ய வேண்டிய சில வேலைகள் இருந்தன. குடியுரிமை வந்த பிறகு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பதிவை மாற்ற வேண்டும் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. சான்றிதழோடு போய் என்னுடையதை மாற்றினேன், பையனுடையதை அவன் பாஸ்போர்ட்டைக் காட்டி மாற்றினோம். பதினாறு வயதுக்கு மேல் எடுத்ததால் அந்தப் பாஸ்போர்ட் பத்து வருடம் செல்லும். என்-600-ஐ இன்னும் போடவில்லை, அந்தக் காசுக்கு ஊருக்கு ஒரு டிக்கெட் வரும் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். மனைவியின் லைசென்ஸ் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். கூட நானும் போகிறேன், கையெழுத்துக்கு முன் திரையில் இருப்பதை இரண்டு பேருமாகப் படித்துவிடலாம் என்று.